பச்சைக் கோடு போட்ட கீசர்

போன வாரம் பொடியைப் பரண் ஏணியின் நாலாவது படியில் நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு வாரமாக ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறாள், பாவம். இறக்கிவிடுவோம். தெரு ஜன்னல்களுக்கும் வேறு வேலை இல்லை. அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பொடி என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். பதினேழு முடிந்து, அப்பாவின் தோளைத் தாண்டி வளர்ந்தாயிற்று. அம்மா கூப்பிட்ட பெயர் என்பதால் மாற்றத்தான் யாருக்கும் துணிவு வரவில்லை.

அந்த அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. குளிக்கப் போனவள். கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, வாசனையே இல்லாத விஷப்புகை அறையை நிறைத்தது. கதவை உடைத்தபோது தண்ணீர் இன்னும் சூடாகவே கொட்டிக்கொண்டிருந்ததாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மழையோ பனியோ, ஜன்னல் ஆவென்று திறந்தே கிடக்கும். மூன்று பேரும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் கிட்டித்தபடி வெளியே வருவார்கள். குளிக்கிறவர் நடுநடுவே தொண்டையைச் செருமிக் காட்ட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். செருமல் நின்றால், வெளியே இருப்பவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார். புதிதாக வரும் விருந்தாளிக்கு, மூவருக்கும் தீராத இருமல் என்றுதான் தோன்றும்.

மூவரில் மூத்தவர் அத்தை. தம்பி பெண்டாட்டி போன மறுநாள் ஒரு பெட்டியோடு வந்தவர், பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அடுத்தவர் தம்பி, அதாவது பொடியின் அப்பா. தெருவில் அவருக்குச் சோதனைக்காரர் என்று பெயர். வீட்டில் எரிகிற அடுப்பு, கீசர், அறைச் சூடேற்றி எல்லாவற்றையும் சோதித்துச் சான்று கொடுக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். நாடு முழுவதற்கும் 'கீசர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று தரவிதி எழுதும் குழுவுக்கும் எழுத்துப் பொறுப்பு அவர்தான். இரண்டு வருடமாக எழுதுகிறார். இன்று கடைசிக் கூட்டம். சீப்பு படாத தலையோடு ஏழு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார்.

பொடி பரண் ஏறியது மழைக்கோட்டு தேடி. மூலையில் அவள் கண்ணில் பட்டது அம்மாவின் நீலப்பூப் போட்ட படுக்கை விரிப்பு. அது தொலைந்துபோய்விட்டது என்று அப்பா சொல்லியிருந்தார். தொலையவில்லை. எதையோ சுற்றி, நாலு முடிச்சோடு உட்கார்ந்திருந்தது.

கூடத்துக்கு இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். கீசர்.

அதே கீசர். ஓரத்தில் ஒரு நெளிவு, திருகும் குமிழில் அம்மாவின் விரல் மஞ்சள் ஒட்டிய கறை. இத்தனை நாளாக அதற்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று நினைத்ததும் பொடி கையை இழுத்துக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். முதுகில் ஒரு பச்சைப் பெயிண்ட் கோடு. அதன்கீழ் ஒட்டிய சீட்டில் அச்சடித்தாற்போல் அப்பாவின் கையெழுத்து:

'மாதிரி 3. ஆயுள் சோதனை. பற்றவைப்பு இருபதாயிரம் முறை. முடிந்தது.'

"அதை எதுக்குடி எறக்கினே?" அத்தை சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.

"அத்தை, இது புதுசுன்னுதானே எல்லாரும் சொன்னீங்க?"

"புதுசைவிட ஒசத்தி. கடைக்காரன் பெட்டியைப் பிரிக்காம தலையில கட்டுவான். இது உங்கப்பா ஆபீஸ்ல ஆறு மாசம் ஓட்டிப் பார்த்துப் பாஸ் பண்ணினது. தெருவே வந்து கேட்டுச்சாமே, எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமான்னு."

கேட்டோம்தான். ஆய்வுக்கூடத்து வழக்கம் அது. சோதித்து முடித்த மாதிரிகளை உடைத்துவிட வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. நல்ல சாமானைச் சம்மட்டியால் அடிக்க யாருக்கு மனசு வரும்? ஃபெயிலானதற்குச் சிவப்புக் கோடு, பாஸானதற்குப் பச்சை. பச்சைக் கோடு போட்டதை ஆளுக்கொன்றாக வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். பரீட்சையில் தேறிய மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை அதற்கும் கிடைக்கும்.

"ஒரு வீட்டுல ஒரு நாளைக்கு இதை எத்தனை தடவை பத்த வைப்பாங்க அத்தை?"

"காலையில மூணு பேர், சாயங்காலம் ஒரு தடவை. நாலுன்னு வெச்சுக்கோயேன். இப்ப எதுக்கு அது?"

"இருபதாயிரத்தை நாலால வகுத்தா ஐயாயிரம் நாள். பதிமூணு வருஷத்துக்கு மேல." பொடி சீட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நம்ம வீட்டுக்கு வரும்போதே இது கிழம் அத்தை. ஆபீஸ்லயே ஒரு ஆயுசு எரிஞ்சு முடிச்சிட்டுத்தான் வந்திருக்கு."

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கிழமோ குமரியோ, ஜன்னலைச் சாத்தினா எல்லாம் ஒண்ணுதான். உங்கம்மா தானே சாத்திக்கிட்டா. தலையெழுத்து. ஆபீசர் வந்து அப்படித்தானே எழுதிட்டுப் போனான்."

பொடி சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்பதை அத்தை மூன்று வருடமாகக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். இந்தத் தெருவில் அடுத்த வீட்டு வாளியின் நிறம்வரை தெரிந்தவர் அவர்.

சீட்டை மெல்ல உரித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பொடி கிளம்பினாள். "அதை மேல வெச்சிட்டுப் போடி" என்று அத்தை சொன்னது காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் போனாள். கீசர் கூடத்தின் நடுவில், நீலப் பூக்களின் மேல், குப்புறக் கிடந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்று சீட்டைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். 'இது என்னப்பா?' என்று கேட்டாள். பிறகு இன்னொன்றை எழுதத் தொடங்கினாள். எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். இரண்டு பஸ் போய்விட்டது.

அதை எழுத அந்த இடம்தான் வாய்த்திருக்கிறது, பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய வகுப்புப் பெண்கள் கூடிநிற்கும் மூலை அது. பொடியின் அம்மா குளிக்கும்போது பாடுவாள். சுருதி அவளுக்குத் தூரத்துச் சொந்தம். எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். 'கச்சேரி ஆரம்பிச்சாச்சு' என்று எதிர்வீட்டில் சொல்வார்கள், பக்கத்துவீட்டில் சிரிப்பார்கள். மூலையில் நிற்கும் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே பாட்டைப் பாடிக் காட்டுவார்கள்.

அன்றைக்குப் பொடி புத்தகப் பையோடு பக்கச் சந்து வழியாக வந்தாள். குளியலறை ஜன்னலை வெளியிலிருந்து அழுத்திச் சாத்தினாள். பாட்டு சிறுத்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது, சாயங்காலம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி பஸ் ஏறினாள்.

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. அன்று சிரித்தவர்கள் யார் யார் என்று நாமும் பட்டியல் போட வேண்டாம். தெருவில் பாதி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது பஸ் வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

கூட்ட அறையில் இருபத்துமூன்று நாற்காலி, இருபத்துமூன்று குவளை ஆறிப்போன டீ. தரவிதி எழுதும் கூட்டத்தைப் பார்க்காதவர்கள் ஏதோ நாட்டையே புரட்டிப்போடும் விவாதம் என்று நினைப்பார்கள். ஒரு குழாயின் கனம் ஒரு மில்லிமீட்டரா ஒன்றேகாலா என்று முற்பகல் முழுவதும் பேசுவார்கள். அந்தக் கால் மில்லிமீட்டரில் எத்தனை வீட்டுக் குளியலறை அடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் மேசையின் கோடியில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

பதினாலாவது விதி வந்தது.

விதி எளிமையானது. இப்போதைய வழக்கப்படி, கீசர் புதிதாக இருக்கும்போது அதன் புகையை அளப்பார்கள். பிறகு ஆயிரக்கணக்கான முறை எரியவிட்டு ஆயுள் பார்ப்பார்கள். எரிந்து முடிந்தபின் கேஸ் கசிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். புகையை மறுபடி அளப்பதில்லை. அளக்க வேண்டும், கரி அடைத்துத் தேய்ந்த கீசர் என்ன புகை விடுகிறது என்று பார்த்துத்தான் பச்சைக் கோடு போட வேண்டும் என்பது பதினாலாவது விதி. எழுதியவர் சோதனைக்காரர். ஏன் இதற்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று இரண்டு வருடமாக யாருக்கும் புரியவில்லை.

"எங்களுக்கு இதுல மூணு மாசம் கூடுதலாப் போகுது சார்," என்றார் கோட்டுக்காரர். கீசர் செய்கிற ஆலைகளின் பிரதிநிதி. கெட்டவர் இல்லை, கோட்டு மட்டும்தான் கொஞ்சம் பெரிசு. "சரி, உயிர் முக்கியம், ஒத்துக்கறேன். பழைய கீசரால உயிர் போச்சுன்னு ஒரு சம்பவம் காட்டுங்க. பதிவுல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுவும்…" அவர் குரலைத் தாழ்த்தினார். "மன்னிக்கணும். உங்க வீட்டு விஷயம். ஆனா அதுல மாட்டி ஒரு மாசமே ஆன புது கீசர்னுதான் இருக்கு. ஜன்னல் சாத்தியிருந்தது. அதுக்குப் பதினாலாவது விதி என்ன செய்யும்? ஜன்னலைத் திறந்து வைங்கன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா போதாதா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முடி முழுக்க வெள்ளை, பேச்சு முழுக்கக் கறார். "நீங்கதான் சொல்லணும். வேற ஆதாரம் இருக்கா? இல்லைன்னா விதியை எடுத்துட்டு அடுத்ததுக்குப் போவோம்."

சோதனைக்காரரின் போன் மேசைமேல் இரண்டாவது முறையாக முணுமுணுத்தது. திருப்பிப் பார்த்தார்.

முதலில் படம். கீசரிலிருந்து உரித்த சீட்டு, அதில் தன் கையெழுத்து. அதற்கடுத்து:

'ஜன்னலை அம்மா சாத்தலப்பா. நான் சாத்தினேன். வெளியிலேர்ந்து. அம்மா பாடறது அசிங்கமா இருந்துச்சு. மூணு வருஷமா சொல்லல. அந்தச் சீட்டு நெசம்னா என்கிட்ட சொல்லுங்க. பொய்னாலும் சொல்லுங்க.'

அவர் அதை எத்தனை முறை படித்தார் என்று பக்கத்து நாற்காலிக்காரர் எண்ணவில்லை. சீவிய பென்சிலின் முனை உடைந்த சத்தம் மட்டும் கேட்டதாம்.

"அது புது கீசர் இல்லை," என்றார்.

கோட்டுக்காரர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"மாட்டி ஒரு மாசம்தான் ஆச்சுன்னு விசாரிக்க வந்தவர்கிட்ட நான் சொன்னேன். அது பொய் இல்லை. அவரு புதுசுன்னு எழுதிக்கிட்டாரு. நான் திருத்தல. அது ஆயுள் சோதனை முடிச்ச மூணாம் நம்பர் மாதிரி. இருபதாயிரம் தடவை பத்தவெச்சது நான்தான். உடைக்காம வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினதும் நான்தான்." மூச்சு விட்டுக்கொண்டார். "எல்லாச் சோதனையும் பாஸ் பண்ணின சாமான், இதைவிடப் பத்திரமானது வேற இல்லைன்னு நெனச்சேன். எரிஞ்சு முடிச்ச பிறகு அதோட புகையை அளக்கணும்னு எனக்குத் தோணல. எந்த விதியும் கேட்கல."

"இதைக் கூட்டக் குறிப்புல எழுதணும்," என்றார் தலைவி. குரலில் கறார் குறையவில்லை; கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுதினா உங்க வேலை போயிடும். தெரியுமில்ல?"

"எழுதுங்கம்மா."

"அந்த கீசர் இப்ப எங்க?"

"வீட்டுப் பரண்ல. மூணு வருஷமாத் தொடல. சோதிச்சுப் பார்க்கற தைரியம் வரல. தூக்கிப்போடற தைரியமும் வரல."

கோட்டுக்காரர் தன் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அது ஆறிய டீதான். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக் காலை பத்து மணிக்கு அது முத்திரையோட இங்க வரணும்," என்றார் தலைவி. "குளியலறை அளவுக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்து வெச்சு ஒரு தடவை, சாத்தி ஒரு தடவை ஓட்டுவோம். புகையை அளப்போம். அதுவரைக்கும் பதினாலாவது விதியை எடுக்க மாட்டோம். வரலைன்னா, இது ஒரு மனுஷனோட துக்கம். துக்கத்தை வெச்சு விதி எழுத முடியாது."

மழை தூறிக்கொண்டிருந்த ஐந்து மணிக்கு அவர் வீடு வந்தபோது பொடி கேட்டருகில் நனைந்துகொண்டு நின்றாள். அன்று பள்ளிக்குப் போகவேயில்லை, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.

"சீட்டு நெசம்தான்," என்றார் அவர், குடையை மடக்காமலே. "நான்தான் கொண்டாந்தேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"நானும் சொல்லியிருக்கணும்."

அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவர் பார்வையும் பக்கச் சந்தில், திறந்தே கிடக்கும் அந்த ஜன்னலில் இருந்தது.

"ஜன்னல் திறந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களாப்பா?"

இல்லை, உன் மேல் தப்பில்லை என்று எந்த அப்பாவும் சட்டென்று சொல்லிவிடுவார். இவர் சோதனைக்காரர். அளக்காத ஒன்றைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த வீடு இப்படி ஆனது என்பது அவருக்குத் தெரியும்.

"தெரியலம்மா. நாளைக்குத் தெரியும். அதைச் சோதிக்கப் போறோம். நீயும் வா. அளவு என்ன வருதோ, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

பொடி தலையாட்டினாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் தோள் ஒரு விரற்கடை இறங்கியதாகத் தோன்றியது.

உள்ளே போனார்கள். கூடம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. கொடியில் நீலப்பூ விரிப்பு சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதன்கீழ் உட்கார்ந்து, மூன்று வருடமாகப் பிரிக்காத பெட்டியிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பரண்ல இருந்த கீசர் எங்க?"

"இனிமே கேக்காது தம்பி," என்றார் அத்தை, நிமிராமல். "தெனம் காலையில ஆறு மணிக்கு 'டப்'புன்னு அது பத்திக்கற சத்தம் எனக்குக் கேக்கும். மூணு வருஷமா. உங்க ரெண்டு பேரையும் பயமுறுத்த வேணாம்னு வாயைத் திறக்கல. குளியலறையிலேர்ந்து வருதுன்னு நெனச்சேன். இன்னைக்கு அதைப் பார்த்ததும்தான் புரிஞ்சுது, பரண்லேர்ந்து வந்திருக்கு."

"அக்கா. எங்க?"

"மத்தியானம் பழைய சாமான்காரன் வண்டி வந்துச்சு. எடுத்துட்டுப் போயிடுன்னேன்."

சோதனைக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். "உடைக்கவா?"

"அப்படித்தான் சொன்னேன். அவன் புரட்டிப் பார்த்தான். பச்சைக் கோட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சான். 'சோதிச்ச பீஸும்மா, இதைப் போய் உடைப்பாங்களா, இதுக்குத் தனி மவுசு. இந்தத் தெருவுலயே ஒரு வீட்டுல நேத்துதான் கேட்டாங்க, சாயங்காலமே மாட்டிக் குடுத்துருவேன்'னான்." அத்தை அப்போதுதான் நிமிர்ந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். கையிலிருந்த புடவை நழுவியது. "என்னடா? என்ன பண்ணிட்டேன்?"

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. கேட் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா தெருவின் இடப்பக்கம், மகள் வலப்பக்கம். ஒவ்வொரு வீட்டுச் சந்திலும் நின்று தலையைத் தூக்கிக் குளியலறை ஜன்னலைப் பார்த்தார்கள். வேலை விட்டு வந்தவர்கள் குளிக்கிற நேரம். குளிர்ந்த காற்றோடு மழை வலுத்திருந்தது.

இந்தத் தெருவில் ஒரு நாற்காலி இறங்கினாலும் அது எந்த வீட்டுக்கு, எத்தனை கால் என்று நமக்குத் தெரியும். இன்றைக்கு அந்த வண்டி எந்த வாசலில் நின்றது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. சாரல் அடிக்கிறதே என்று, நாம் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.